நண்டும் நாலு முழ வேட்டியும்

நாவல் எழுதிக் குடும்பம் நடத்தலாம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கு அபராதமாகப் பதினைந்து வருஷ காலம் ஹோட்டல்களைப் போட்டோ எடுத்துப் பிழைத்தேன். கல்யாணப் போட்டோ எடுப்பவன் என்றால் ஊருக்குப் புரியும். "இட்டிலியைப் போட்டோ எடுக்கிறேன்" என்று சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சந்தேகம் படரும். "எதற்கு?" என்பார். நியாயமான கேள்விதான். மாதச் சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. தோளில் ஒரு பை, கையில் ஒரு முக்காலி. கூப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டியது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியது. இந்தப் பிழைப்புக்கு 'ப்ரீலான்ஸ்' என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள். என் மாமனார் மட்டும் கடைசி வரைக்கும் "மாப்பிள்ளை இப்போதைக்கு எங்கும் வேலையில் இல்லை" என்றே சொல்லிவந்தார்.

ஹோட்டலில் படம் எடுக்க உகந்த நேரம் பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை. சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, டிபன் கூட்டம் சேராத நேரம். மேஜைகளைத் துடைத்திருப்பார்கள். சர்வர்கள் பெஞ்சில் சாய்ந்திருப்பார்கள். முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருப்பார். ஜன்னலோரமாக ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டு, விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொல்ல வேண்டும். முதல் தகராறு அங்கேதான் ஆரம்பமாகும். "இவ்வளவு செலவழித்து விளக்குப் போட்டிருக்கிறேன், அணைக்கச் சொல்கிறீர்களே!" என்பார் முதலாளி. குழல் விளக்கு வெளிச்சத்தில் சாதத்துக்குப் பச்சை பாய்ந்துவிடும் என்பதை அவருக்கு விளக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் பின்புறமாக விழுகிற ஜன்னல் வெளிச்சம் ஒன்றுதான் பண்டத்தின் மேடுபள்ளத்தையும் ஈரத்தையும் எடுத்துக் காட்டும்.

பண்டங்களுக்கும் மனிதர்களைப் போலவே சுபாவம் உண்டு. தோசைக்கு ஐந்து நிமிஷம் ஆயுசு. அதற்குள் எடுக்காவிட்டால் துவண்டு விழும். சாம்பார் இரண்டு நிமிஷத்தில் ஆடை கட்டிக்கொள்ளும். தேங்காய்ச் சட்னி ஓரத்தில் நீர் விட்டுவிடும். இட்டிலியை வெள்ளைத் தட்டில் வைத்தால் காணாமலே போய்விடும். வாழையிலையில் வைத்தாலோ இலையின் பச்சை சாதத்தின் அடியில் ஏறும். வடை ஒன்றுதான் நல்ல பிள்ளை. எந்தப் பக்கம் திருப்பினாலும் லட்சணமாக இருக்கும். நாள் முழுவதும் காத்திருக்கும்.

இந்தச் சுபாவங்களை வெல்வதற்கு எங்கள் தொழிலில் சில தந்திரங்கள் உண்டு. சொன்னால் வாசகர்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போகலாம். சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. படத்தில் பாலாகத் தெரிவது சில சமயம் வெள்ளைக் கோந்து. ஐஸ்கிரீமாகத் தெரிவது மசித்த உருளைக்கிழங்கு. பழத்தின் மேல் முத்து முத்தாக நிற்கும் நீர்த்துளியில் பாதி கிளிசரின். தட்டுக்குப் பின்னாலிருந்து எழும் ஆவி, சுடவைத்த ஈரப் பஞ்சிலிருந்து வருவது. பளபளப்பு வேண்டுமானால் குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயில். அமெரிக்காவில் காம்பெல் சூப் கம்பெனி, காய்கறித் துண்டுகள் அடியில் தங்கிவிடாமல் மேலே தெரிவதற்காகக் கிண்ணத்துக்குள் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு விளம்பரப் படம் எடுத்தது. அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் பிடித்துக்கொண்டது. 1970-ல், இனி அப்படிச் செய்வதில்லை என்று கம்பெனி உடன்பட்டு விவகாரம் முடிந்தது. நான் கோலி போட்டதில்லை. போடாததற்கு நேர்மை காரணமில்லை. நான் எடுத்த சூப்புகளை எடுக்கச் சொன்னவர்கள் அவ்வளவு தூரம் கவலைப்படவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 2016 பிப்ரவரியில், சென்னையில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பெயர் வேண்டாம். முதலாளி இளைஞர், நல்ல பேச்சு. "சார், ஸ்டூடியோவில் எடுத்த நண்டு வேண்டாம். ஏரிக்கரையில், மண்சட்டியில், விறகடுப்பில் வைத்த நண்டுக் குழம்பு வேண்டும். சுவர் பூராவும் அந்த ஒரு படத்தை மாட்டப் போகிறோம். நண்டு முழுசாக, பெரிசாக, இரண்டு கொடுக்கோடும் இருக்க வேண்டும்" என்றார். 18,000 ரூபாய் பேசினோம். பாதி முன்பணம், பாதி வேலை முடிந்ததும். எனக்கு அந்த மாதம் வேறு வேலை இல்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

டீக்கடைச் சிநேகிதர் ஒருவர் சுண்ணாம்புக்குளத்தைச் சொன்னார். சூலூர்ப்பேட்டை மின்சார ரயிலில் ஏறி, கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூரில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே ஏரியைப் பார்க்கப் போக வேண்டும். ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்குக் கிளிஞ்சல் சூளை ஞாபகம் வந்தது. பழவேற்காடு ஏரியின் அடியில் கிளிஞ்சல் ஏராளமாகப் படிந்து கிடக்கிறது; அதை அள்ளிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பிழைத்தவர்கள் இந்தக் கரைகளில் உண்டு. ஏரி என்று சொல்கிறோமே தவிர அது முழுக்க ஏரியும் அல்ல, கடலும் அல்ல. தெற்கு வடக்காக 60 கிலோமீட்டர் சுமாருக்கு நீண்டு கிடக்கும் உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு மூலைதான் நம்முடையது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டா தீவு படுத்திருக்கிறது. ராக்கெட் விடும் நாளில் மீன்பிடிக்கப் போகக் கூடாது என்று உத்தரவு வந்துவிடும். பல இடங்களில் மனிதன் நடந்தே போகலாம், அவ்வளவுதான் ஆழம். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். நான் போன காலையில் தூரத்தில் பூநாரைகள் நின்றன. நான் அதற்காகப் போகவில்லை. நண்டுக்காகப் போயிருக்கிறேன் என்பதை அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏரிக் குப்பங்கள் சிலவற்றில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் நல்ல இடம் என்று சில இடங்கள் உண்டல்லவா? அவற்றில் இன்றைக்கு வலை கட்டுவது யார், நாளைக்கு யார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. பலசாலி என்பதற்காக ஒருவன் தினமும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. இதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் தொழிலில் பாடு முறை கிடையாது. யார் குறைத்துக் கேட்கிறானோ அவனுக்கு வேலை.

சமைத்துக் கொடுக்க ஓர் அம்மாளைப் பேசி வைத்திருந்தார்கள். அறுபது வயசு இருக்கும். மகன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் காண்டிராக்ட் வேலைக்குப் போகிறவன். மருமகள் இறால் கம்பெனிக்கு. வீட்டில் ஆயாவும் ஏழு வயசுப் பேரனும்தான். வீட்டை ஒட்டிக் கீற்றுப் பந்தல். அதன் கீழ் மண்ணடுப்பு. எனக்குத் தேவையான எல்லாம் இருந்தது: கருப்பேறிய சட்டி, விளிம்பில் ஒரு சின்ன உடைசல், பின்னால் ஏரி.

நண்டு மட்டும் இல்லை. நண்டுக்குப் பேர்போன கரையில் நண்டு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது; எடை போடுகிற இடத்தில். கொடுக்கைக் கயிற்றால் கட்டி, உயிரோடு கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய நண்டு கரையேறியதும் வியாபாரி கைக்குப் போய்விடும். அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் மாதிரி சீமைகள். கொடுக்கு ஒடிந்தது, ஓடு கழற்றிக் கொழகொழவென்று இருப்பது, உள்ளங்கை அகலம் இல்லாதது, இவைதான் ஊருக்கு மிஞ்சும். நான் இரண்டு நண்டு வாங்கினேன். ஒன்று படத்துக்கு, ஒன்று கைகாவலுக்கு. 2,200 ரூபாய். ஆயா விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பேரன்தான் கூடையை எட்டிப் பார்த்தான்.

"இம்மாம் பெருசா! ஆயா, நமக்கா?"

"சாருது. போட்டா புடிக்கிறதுக்கு."

எனக்கு அந்தப் பதில் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. வந்த இடத்தில் தாராளமாக இருப்போமே என்று, "படம் எடுத்தப்புறம் உனக்குத்தான் ராஜா" என்று சொல்லிவிட்டேன். பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பத்து மணிக்கு ஆரம்பித்தோம். ஆயா சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, புளி கரைத்து, மிளகும் பூண்டும் தட்டி, குழம்பைக் கூட்டினாள். வாசனை எழுந்தது. நான் நடுவில் புகுந்து, நண்டைச் சட்டியில் போட வேண்டாம் என்று தடுத்தேன்.

"போடாம? நண்டு இல்லாம இன்னா நண்டுக் கொயம்பு?"

விஷயம் இதுதான். உயிரோடு இருக்கும் நண்டு பாசி நிறம். அந்த ஓட்டுக்குள்ளேயே சிவப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. சூடு பட்டதும் பிடி தளர்ந்து சிவப்பு வெளியே வருகிறது. கொதிநீரில் சில நிமிஷம் போட்டெடுத்தால் அருமையான சிவப்பு. குழம்பில் கிடந்து வெந்தாலோ புளியும் மசாலும் ஏறி மங்கிப்போகும். நாக்குக்கு மங்கின நண்டுதான் வேண்டும். கேமராவுக்குச் சிவந்த நண்டு. ஆகையால் நண்டைத் தனியாக அரைவேக்காடு வைத்து, குழம்பின் மேல் மிதக்கவிட்டு, அடியில் ஒரு கொட்டாங்கச்சியை முட்டுக் கொடுத்தேன். கோலிக்கும் கொட்டாங்கச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காதீர்கள்.

அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கீற்று இடுக்கு வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்து சட்டிக்கு அம்மை வார்த்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைத் துணியைக் குறுக்கே கட்டி வெயிலைச் சலித்து விட்டால் சரியாகும். கொண்டுபோன துணியை எளாவூர் ஆட்டோவில் மறந்துவிட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். அந்த இடத்தில் சுத்த வெள்ளையாக இருந்தது என் இடுப்பிலிருந்த நாலு முழ வேட்டி ஒன்றுதான். ஆயா மகனுடைய கைலியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேட்டி பந்தற்காலுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே பறந்தது. கட்டம் போட்ட கைலியோடு நான் முக்காலிக்குப் பின்னால் குனிந்தபோது, வேலியோரம் கூடியிருந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பு ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். ஆயாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் நண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டரை மணிக்கு முதல் நண்டின் கொடுக்கு, நான் இடுக்கியால் திருப்பும்போது, கையோடு வந்துவிட்டது. கைகாவலாக வைத்திருந்த இரண்டாவது நண்டும் கொதிநீரில் இறங்கிற்று. நடுவில் ஆயா இரண்டு தரம் வந்து, "ஆறிப் போவுது சார்" என்றாள். சமைக்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் வார்த்தை அது. பெரிய ஹோட்டல் சமையற்காரர்களும் கரண்டியோடு வந்து நின்று இதையேதான் சொல்வார்கள். நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன்: "படத்தில் சூடு தெரியாதும்மா." பையிலிருந்து பேபி ஆயிலை எடுத்து, தூரிகையால் ஓடு முழுக்கத் தடவினேன். கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்தேன். நண்டு தகதகவென்று மின்னிற்று. கண்டிப்பாகச் சொல்கிறேன், நல்ல படம். என் வாழ்க்கையில் எடுத்த நல்ல படங்களில் ஒன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். அந்த ஏரியின் தெற்கு ஓரத்தில், பழவேற்காட்டில், டச்சுக்காரர்கள் 1613-ல் ஒரு கோட்டை கட்டினார்கள். கெல்டிரியா என்று பெயர். 1690-ல் நாகப்பட்டினத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போகிற வரைக்கும் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அவர்கள் கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. இதே காலத்தில் அவர்கள் சொந்த ஊரில் ஓவியர்கள் சாப்பாட்டு மேஜைகளைத் தீட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வில்லெம் ஹேடா என்பவர் 1648-ல் ஒரு நண்டை வரைந்திருக்கிறார். பிட்டர் கிளாஸ் என்பவரின் 1627-ம் வருஷத்துச் சித்திரம் ஒன்றில், காகிதத்தைச் சுருட்டிய பொட்டலத்திலிருந்து மிளகு சிந்திக் கிடக்கும். நம் ஊர் மளிகைக் கடைப் பொட்டலமேதான்! புத்தகத்தில் அந்தப் படங்களை நான் எத்தனையோ முறை பார்த்து வெளிச்சம் போடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். எல்லாம் பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம். அந்த மேஜைகளில் ஓர் ஆளும் இருக்கமாட்டார். யார் சமைத்தது, யார் பரிமாறியது, மிளகுக்கு எங்கே யார் என்ன விலை கொடுத்தது, ஒன்றும் தெரியாது. பழவேற்காட்டில் அவர்கள் முக்கியமாக வாங்கியது துணி. மனிதர்களையும் விலைக்கு வாங்கி அந்தத் துறையிலிருந்து பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். சித்திரத்தில் வெள்ளிப் பாத்திரம்தான் பளபளக்கிறது. வெளிச்சத்தைக் கற்றுக்கொண்ட நான், மேஜையைச் சுற்றி ஆட்களை ஒழித்துவிடும் வழக்கத்தையும் கூடவே கற்றுக்கொண்டேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டரை மணிக்கு வேலை முடிந்தது. வேட்டியை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டேன். ஆயா சட்டியண்டை குனிந்து மோந்து பார்த்தாள்.

"இன்னா சார் இது, கொயந்தைக்குத் தடவுற எண்ணெய் வாசனை வருது?"

சொன்னேன். நண்டு வேகவில்லை என்பதையும் சொன்னேன். அந்த எண்ணெய் வயிற்றுக்கு ஆகாது, குழம்பிலும் இறங்கியிருக்கும், எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றேன். கைகாவல் நண்டின் கதையும் அதேதான். முதல் நண்டை நான் கழற்றிப் போட்ட இடத்தில் ஈ மொய்த்தது.

ஆயா கோபித்துக்கொள்ளவில்லை. சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு நிதானமாக, "புள்ளையாண்ட சொன்னீங்களே. நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

நாவல்களில் எத்தனையோ கஷ்டமான சம்பாஷணைகளை எழுதியிருக்கிறேன். காதலன் காதலியிடம் விடைபெறுவது, அப்பா பிள்ளையை வீட்டைவிட்டுப் போகச் சொல்வது. அவையெல்லாம் எழுத எழுத வந்துவிடும். அடுப்படியில் மூன்று மணி நேரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பையனிடம் போய்க் குந்திக்கொண்டு, "நண்டு கெட்டுப் போச்சு, ராஜா" என்று சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. எப்படியோ சொன்னேன்.

"தெரியும்" என்றான். "எண்ணெ ஊத்தச் சொல்லவே தெரியும்."

எழுந்து விளையாடப் போய்விட்டான்.

நான் நண்டு எடை போடும் இடத்துக்கு ஓடினேன். எத்தனை ரூபாயானாலும் சரி, இன்னொன்று வாங்கிவிடுவது என்று. கூடைகள் எல்லாம் வண்டியேறிப் போய்விட்டிருந்தன. தராசை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஆள், "நாளைக்குக் காத்தால வாங்க" என்றார். கையில் பணம், எதிரே ஏரி, ஏரி நிறைய நண்டு. ஒரு நண்டு கிடைக்கவில்லை. டீக்கடையில் பிஸ்கோத்துப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அதற்குள் ஆயா வேறு சட்டியில் காலைக் குழம்பைச் சுடவைத்திருந்தாள். கொடுக்கொடிந்த பொடி நண்டுகள். எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டாள். வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம், சாப்பிடவும் கூச்சம். சாப்பிட்டேன். ருசியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பையன் வந்து உட்கார்ந்து, என் தட்டைப் பார்க்காமல், ஓட்டைக் கடித்து உறிஞ்சிச் சாப்பிட்டான். பிஸ்கோத்தையும் வாங்கிக்கொண்டான்.

புறப்படும்போது 500 ரூபாய் கொடுத்தேன். அதுதான் பேசியது. ஆயா அதை முந்தானையில் முடிந்துகொண்டே, "இந்தப் போட்டாவுக்கு உங்களுக்கு இன்னா துட்டு குடுப்பாங்க?" என்று கேட்டாள். வெறும் விசாரிப்புதான், பேரம் இல்லை.

"மூவாயிரம்" என்றேன்.

இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. பதினெட்டாயிரம் என்று சொல்லியிருந்தால் அவள் ஒன்றும் கேட்டிருக்கமாட்டாள். கேட்டிருக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாயில் மூவாயிரம்தான் வந்தது.

கடை திறந்தது. படத்தை எட்டடி உயரத்துக்கு அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். 'எங்கள் பாட்டியின் கைப்பக்குவம்' என்று அடியில் எழுத்து. அவருடைய பாட்டிக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பாக்கி ஒன்பதாயிரத்தைக் கேட்டேன். அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரங்கள் பல போயின. நவம்பர் வந்தது, 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அதற்கப்புறம் அவர் சொன்ன காரணத்துக்கு எதிராக யாரால் பேச முடியும்? ஊரே பாங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

பொறுமை போய் ஒரு வக்கீல் நண்பரிடம் போனேன். படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லி நோட்டீஸ் விடு என்றேன். அவர் சிரித்தார். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி போட்டோவுக்கு ஆசிரியர் அதை எடுத்தவர்தான். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் கூலிக்கு எடுத்த போட்டோவாக இருந்தால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. 17-வது பிரிவு. உரிமையின் ஆயுள், 2012-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, எடுத்தவன் செத்து அறுபது வருஷம் வரை. "நீ செத்து அறுபது வருஷம் வரை அந்த நண்டு அவனுடையது. நீ எழுதி வாங்கினாயா?" என்று கேட்டார். நான் நாலு நாவல் எழுதியிருக்கிறேன். இரண்டு வரி ஒப்பந்தம் எழுதவில்லை. "பாக்கிப் பணத்தை வேண்டுமானால் கேட்கலாம். பில்லைக் காட்டு" என்றார்.

காட்டினேன். போக்குவரத்து, நண்டு, பிரிண்ட் என்று பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் விரலை வைத்தார். "இதரம் 500 என்று போட்டிருக்கிறாயே, அது என்ன?"

"சமைத்த அம்மாளுக்கு."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. சட்டத்தில் குழம்புக்கு இடம் இல்லையல்லவா? எனக்குத்தான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. வெள்ளைத் தாளில், என் கையெழுத்தில், ஆட்டோ வாடகைக்கும் பாட்டரிக்கும் நடுவே ஆயா 'இதரம்' ஆகியிருந்தாள். என்னைச் சுவரில் பெயர் போடாமல் விட்டுவிட்டார்களே என்று நான் அங்கே வந்து உட்கார்ந்திருந்தேன்.

நோட்டீஸ் போயிற்று. டிசம்பரில் வர்தா புயல் அடித்து ஊரில் மரங்களெல்லாம் சாய்ந்தன. ஜனவரியில், ஆச்சரியம், ஒன்பதாயிரமும் வந்து சேர்ந்தது. அதில் ஆயாவுக்கு எவ்வளவு என்று ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன். ஆயிரம் என்று ஆரம்பித்து, நாலாயிரத்தில் வந்து நின்றேன். சரியான கணக்கா என்று இன்றைக்கும் சந்தேகம்தான். அதற்கப்புறம் எழுதிய பில்களில் 'சமையல்' என்று தனி வரி போட ஆரம்பித்தேன். அந்த வரியைப் பார்த்தே என்னை வேண்டாம் என்று சொன்ன முதலாளிகள் உண்டு. பேபி ஆயிலை விட்டுவிட்டு நல்லெண்ணெய்க்கு மாறினேன். படம் கொஞ்சம் மட்டம்தான். ஆனால் சாப்பிடலாம்.

பொங்கல் கழித்து சுண்ணாம்புக்குளம் போனேன். இந்தத் தடவை காலையிலேயே, எடை போடும் நேரத்துக்கு. பெரிய நண்டு ஒன்றை வாங்கிக் கயிற்றோடு தூக்கிக்கொண்டு போய் நின்றேன். புயலில் கீற்றுப் பந்தல் பறந்துபோய், நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். முருங்கை மரம் இல்லை. பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். நண்டை நான் அவன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்து வந்திருந்தேன். அந்தச் சௌகரியம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆயா அதை வாங்கித் தண்ணீர் தெளித்துக் கூடையால் மூடி வைத்தாள்.

படத்தின் சின்னப் பிரதி ஒன்றைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நம்ம சட்டி" என்றாள், உடைந்த விளிம்பில் விரலை வைத்து. பணத்தைக் கொடுத்து, அன்றைக்கு மூவாயிரம் என்று சொன்னது பொய், பதினெட்டாயிரம் என்று சொன்னேன். அவள் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"பதினெட்டா! ஒரு நண்டுக்கா?" என்று கேட்டாள். பிறகு, "அந்த மிஷினு கொண்டாந்துகீறீங்களா?"

கொண்டுவந்திருந்தேன். பழக்கம்.

முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட வேண்டுமாம். போட்டோ ஒட்ட வேண்டுமாம். எளாவூரில் போய் எடுக்க மகனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். "பின்னால வெள்ளத் துணி இருக்கணும்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு என் இடுப்பைப் பார்த்தாள்.

கைலி கொண்டுவந்து கொடுத்தாள். வேட்டியைத் தார்ப்பாய்க் கயிற்றில் தொங்கவிட்டு, முன்னால் ஒரு முக்காலிப் பலகை போட்டு அவளை உட்காரவைத்தேன். தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, மிகவும் கண்டிப்பான முகத்தோடு கேமராவைப் பார்த்தாள். ஏரிப் பக்கமிருந்து நல்ல வெளிச்சம் வந்தது.

"சிரிக்கலாமா, கூடாதா?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"பென்ஷனுக்குச் சிரிக்கக் கூடாதும்மா" என்றேன்.

என் கைலியைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். ஆறு படம் எடுக்க வேண்டியதாயிற்று.